பிளாக்கில் கிரைண்டரை வைப்பதற்கு முன்

கேள்வி: என் மாமா ஓட்டிய 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 இப்போது என்னிடம் இருக்கிறது. வண்டி ஓடுகிறது, ஆனால் 80-க்கு மேல் முக்குகிறது. ரீபோர் செய்து (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து), பிளாக்கில் போர்ட்டிங் போட்டு (சிலிண்டர் சுவரில் வாயு வந்துபோகும் துளைகளைக் கிரைண்டரால் பெரிதாக்கி), 24 மி.மீ கார்பரேட்டரும் ரேஸ் சைலன்சரும் மாட்டினால் 130 போகும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்:

130 போகாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேகமாகப் போகும்போது எஞ்சின் செய்யும் வேலையில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதுதான். அதற்குத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடியாக ஏறும். ஆர்எக்ஸ் 100 புதிதாக இருந்தபோது 11 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு ஏறக்குறைய நூறு போனது. அதே ஆள் அதே மாதிரி உட்கார்ந்து 110 போக வேண்டும் என்றால் 14.5 குதிரைத்திறனுக்கு மேல் வேண்டும். 130 என்றால் 24.

அந்த 24 எவ்வளவு பெரியது என்று புரிய ஒரு பழைய கதை உதவும். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர் இருந்தார். இன்றைக்கு நாம் எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்று சொல்லும் சைலன்சரை டூ ஸ்ட்ரோக் ரேஸ் எஞ்சினுக்கு ஏற்றபடி செதுக்கியவர் அவர்தான். 1961-இல் அவருடைய 125 சிசி எஞ்சின் 10,800 ஆர்பிஎம்மில் 25 குதிரைத்திறன் தந்தது. காற்றை உள்ளே திணிக்கும் சூப்பர்சார்ஜர் இல்லாமல் லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்ற கோட்டை முதலில் தொட்ட எஞ்சின் அது. அதே ஆண்டு அவருடைய ரைடர் எர்ன்ஸ்ட் டெக்னர், ஸ்வீடன் பந்தயத்துக்குப் போன இடத்திலிருந்து மேற்கே தப்பிச் சென்று சுசுகியில் சேர்ந்தார். 1962-இல் சுசுகிக்கு 50 சிசி உலகப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். வித்தை ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்த வழி அது. உங்கள் மெக்கானிக் 98 சிசி-யில் காடனைவிட ஒரு படி மேலே போவதாகச் சொல்கிறார். போகட்டும், ஆனால் உங்கள் செலவில் வேண்டாம்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது 130 இல்லை, 80. அதே மும்மடிக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 80-இல் நின்றுவிடும் வண்டி, புதிதில் இருந்த சக்தியில் பாதிக்குச் சற்று மேல்தான் சாலைக்கு அனுப்புகிறது. தோராயக் கணக்குதான், ஆனால் சேதி தெளிவு: ஐந்து குதிரைத்திறன் எங்கேயோ தொலைந்துபோயிருக்கிறது. எந்த போர்ட்டிங்கும் ஐந்து குதிரைத்திறன் தராது. தொலைந்ததைத் தேடி எடுப்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய மிகப்பெரிய டியூனிங். பட்டறையில் இதை யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் "சரி பண்ணினேன்" என்பதைவிட "போர்ட் பண்ணினேன்" என்பதற்கு அதிகம் வாங்கலாம்.

எளிய சந்தேகங்களை முதலில் தீருங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால் தாராளமாகச் சுற்ற வேண்டும். பிரேக் ஷூ உரசுவதும், தேய்ந்து இறுகிய செயினும் சேர்ந்தே ஒரு குதிரைத்திறனைச் சாப்பிட்டுவிடும். நாலாம் கியரில் முழு ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் நழுவுகிறது. ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச் பொடிந்து கார்பரேட்டருக்குள் போயிருக்கிறதா பாருங்கள். சைலன்சரைக் கழற்றி உள்ளே இருக்கும் குழாயை உருவினால் கார்பன் கட்டி கட்டியாக ஒட்டியிருக்கும். எக்ஸாஸ்ட் போர்ட்டின் வாயும் அப்படித்தான் சுருங்கியிருக்கும். பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டு, மரக்குச்சியாலோ தேய்ந்த பித்தளைத் தகட்டாலோ சுரண்டுங்கள், ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். முப்பது வருடக் கார்பனை எடுத்ததுமே "என்னடா இது, வேற வண்டி மாதிரி இருக்கு" என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கிராங்க் ஆயில் சீல்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஃபோர் ஸ்ட்ரோக்கில் பழகிய மெக்கானிக்குகள் இதைத் தொடுவதே இல்லை.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் என்பது ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது ரீட் வால்வு வழியாகப் பெட்ரோல் காற்றுக் கலவையை உறிஞ்சும், கீழே வரும்போது அதை அழுத்தி டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியாக மேலே தள்ளும். பம்ப் என்றால் ஒழுகக் கூடாது. கிராங்கின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ரப்பர் சீல் இருக்கிறது. மேக்னட் பக்க சீல் காய்ந்து வெடித்தால் வெளிக்காற்று உள்ளே வரும், அந்தக் காற்றோடு பெட்ரோல் வராது. கலவை லீன் ஆகி, அதாவது அதில் பெட்ரோல் குறைந்து, எஞ்சின் சூடேறி, ஒரு நாள் பைபாஸில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயில் உள்ளே உறிஞ்சப்பட்டு எரியும். அப்போது வெள்ளைப் புகை நிற்காமல் வரும், கியர் ஆயில் மட்டமும் காரணம் தெரியாமல் குறையும்.

சோதிப்பது சுலபம். சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் போர்ட்டை ரப்பர் ஷீட்டும் தகடும் வைத்து அடையுங்கள். இன்டேக் பக்கத்தையும் அப்படியே அடைத்து, அதில் ஒரு டியூப் வால்வைப் பொருத்தி, பிஸ்டனைக் கீழே நிறுத்தி, முள் மீட்டர் உள்ள சைக்கிள் பம்பால் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம், சீலே பிதுங்கிவிடும். முள் அசையாமல் நின்றால் எஞ்சின் ஆரோக்கியம். மளமளவென்று இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி எங்கே வருகிறது என்று பாருங்கள். பிளாக்கின் பேஸ் கேஸ்கெட், ரீட் வால்வு மூட்டு, மேக்னட்டின் பின்பக்கம், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். வெளியே எங்கேயும் குமிழி இல்லாமல் காற்று மட்டும் போகிறது என்றால் கியர் பாக்ஸ் பக்கம் போகிறது, அதாவது கிளட்ச் பக்க சீல். இந்தச் சோதனை செய்யாத எஞ்சினில் நான் போர்ட்டிங் வேலை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒழுகும் எஞ்சினுக்கு, கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. இன்றைக்கு ஒரு அளவு சரியாக இருக்கும், நாளைக்கு சீல் இன்னும் கொஞ்சம் கிழியும்.

கிராங்கைத் திறக்க வேண்டி வந்தால் இரண்டு சீலையும், இரண்டு மெயின் பேரிங்கையும், கனெக்டிங் ராடு கிட்டையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். ராடு மாற்றிய கிராங்கை லேத்தில் வைத்து டயல் கேஜால், சுற்றும்போது ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். சுத்தியலால் தட்டி, கண்ணால் பார்த்து "சரியாருக்கு" என்று தருகிறவரிடம் வாங்காதீர்கள்.

இப்போது ரீபோர். தேய்ந்த போருக்கு ரீபோர் செய்வது வைத்தியம், அதில் தவறே இல்லை. ஆனால் அதனால் சிசி கூடிப் பவர் வரும் என்பது கதை. ஆர்எக்ஸ் 100-இன் போரும் ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ, 50 மி.மீ, கணக்குப் போட்டால் 98 சிசி. ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25 மி.மீ படிகளில் வரும். கடைசிப் படியான 1 மி.மீ போனால்கூட 102 சிசி-தான் ஆகும், நாலு சதவீதம். அதற்கு விலையாக, அடுத்த ரீபோருக்கு இரும்பு மிச்சம் இருக்காது. எனவே போர் தேய்ந்திருந்தால் எந்தச் சிறிய படியில் சுத்தமாகிறதோ அதோடு நில்லுங்கள். பிஸ்டனை முதலில் வாங்கிக் கையில் கொடுத்து, அதை மைக்ரோமீட்டரில் அளந்து போர் போடச் சொல்லுங்கள். காற்றில் குளிரும் 50 மி.மீ போருக்கும் பிஸ்டனுக்கும் விட்டத்தில் 0.04 மி.மீ-ஐ ஒட்டிய வித்தியாசம் வேண்டும். போரிங்குக்கு அப்புறம் ஹோனிங் செய்து குறுக்குக் கோடுகள் தெரிய வேண்டும், போர்ட் விளிம்புகளில் கூர் எடுத்திருக்க வேண்டும். கூர் விளிம்பு ரிங்கைச் சீவிவிடும்.

இவ்வளவும் ஆனால் உங்களிடம் உண்மையான ஒரு ஆர்எக்ஸ் 100 இருக்கும்: 7,500 ஆர்பிஎம்மில் 11 குதிரைத்திறன், நூறு கிலோவை ஒட்டிய வண்டி. நிறைய பேருக்கு ஆசை இங்கேயே அடங்கிவிடுகிறது. அடங்காதவர்களுக்குத்தான் மீதி.

டூ ஸ்ட்ரோக் சிலிண்டரில் வால்வு கிடையாது, பிஸ்டனின் விளிம்புதான் வால்வு. சுவரில் வெட்டிய துளைகளை அது திறந்து மூடுகிறது. முதலில் எக்ஸாஸ்ட் போர்ட் திறக்கும், எரிந்த வாயு பாய்ந்து வெளியேறும். சிறிது நேரம் கழித்து டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகள் திறந்து புதுக் கலவை உள்ளே வரும். அந்தச் "சிறிது நேரம்" எவ்வளவு என்று பாருங்கள். சாலை எஞ்சின் ஒன்றில், கிராங்க் சுற்றின் 360 டிகிரியில் எக்ஸாஸ்ட் 175 டிகிரியும் டிரான்ஸ்ஃபர் 120 டிகிரியும் திறந்திருப்பதாக வைத்துக்கொண்டால், இடைவெளி அந்த வித்தியாசத்தில் பாதி, 27.5 டிகிரி (மீதிப் பாதி மூடும்போது). 7,500 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்ற 8 மில்லி செகண்ட். அந்த இடைவெளி 0.6 மில்லி செகண்ட். 9,500-இல் அது 0.48 ஆகச் சுருங்கும். அதற்குள் சிலிண்டர் அழுத்தம் இறங்காவிட்டால் எரிந்த வாயு டிரான்ஸ்ஃபர் வழியாகக் கிராங்க் கேஸுக்குள்ளேயே திரும்பப் பாயும். அதிக ஆர்பிஎம் வேண்டும் என்கிறவர்கள் எக்ஸாஸ்ட் போர்ட்டை உயர்த்துவது இதற்காகத்தான்.

உயர்த்தினால் என்ன போகும்? 50 மி.மீ ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பை 1 மி.மீ உயர்த்தினால் திறந்திருக்கும் நேரம் ஏறக்குறைய 4.5 முதல் 5 டிகிரி கூடும். டிரான்ஸ்ஃபரில் அதே 1 மி.மீ ஆறு டிகிரி. கிரைண்டர் கொஞ்சம் கை தவறினாலே 1 மி.மீ போய்விடும். போர்ட் உயர்ந்த அளவுக்குப் பிஸ்டன் கலவையை அழுத்தும் தூரம் குறையும், அதனால் கீழ் ஆர்பிஎம் இழுவை சாகும். ரேஸ் எஞ்சின்களில் எக்ஸாஸ்ட் 190 டிகிரியைத் தாண்டும்; அவற்றை டவுன் டிராஃபிக்கில் ஓட்டிப் பார்த்தால் தெரியும், பாதி நேரம் கிளட்சிலேயே கை இருக்கும்.

இதில் ஆர்எக்ஸ் 100-க்கு என்று தனியாக ஒரு தடை இருக்கிறது: கியர் நாலுதான். ஒவ்வொரு தடவை மேல் கியர் போடும்போதும் ஆர்பிஎம் ஏறக்குறைய கால் பங்காவது விழும். 9,500-இல் மாற்றினால் ஏழாயிரத்துச் சொச்சத்தில் வந்து நிற்கும். உங்கள் போர்ட்டிங்கில் பவர் 8,000-க்கு மேல்தான் பிறக்கிறது என்றால், ஒவ்வொரு கியரிலும் வண்டி முதலில் தூங்கும், அப்புறம் எழுந்து ஓடும். பின்னாளில் வந்த ஆர்எக்ஸ் 135-இல் ஐந்து கியர் வகை இருந்தது, அதில் கொஞ்சம் துணிந்து போகலாம். ஆர்எக்ஸ் 100-இல் உச்சப் பவரை 8,000, மிஞ்சினால் 8,500 என்று நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். என் அனுபவத்தில் அப்படிச் செய்த சாலை எஞ்சின்தான் கடைசி வரை ஓட்டியவருக்குப் பிடித்திருந்தது.

சைலன்சருக்கும் இதே கணக்குதான். எக்ஸாஸ்ட் போர்ட் திறக்கும்போது கிளம்பும் அழுத்த அலை குழாயில் போய், விரியும் கூம்பில் ஒரு உறிஞ்சும் அலையாகத் திரும்பும், கடைசியில் சுருங்கும் கூம்பில் மோதி அழுத்த அலையாகவே திரும்பும். முதல் அலை எரிந்த வாயுவை இழுத்துவிடுகிறது. இரண்டாவது, வெளியே தப்பி ஓடிய புதுக் கலவையைப் போர்ட் மூடுவதற்குள் உள்ளே திணிக்கிறது. நேரம் பொருந்தினால்தான் இதெல்லாம். சூடான குழாயில் அலை விநாடிக்கு ஐந்நூறு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். எக்ஸாஸ்ட் 180 டிகிரி திறந்திருக்கும் எஞ்சினுக்கு 8,000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் முகத்திலிருந்து பின் கூம்பின் நடுப்பகுதி வரை சுமார் 97 செ.மீ வேண்டும். 9,500-க்கு 82 செ.மீ போதும். பதினைந்து செ.மீ வித்தியாசம்! கடையில் தொங்கும் "ரேஸ் சைலன்சர்" எந்த ஆர்பிஎம்முக்கு, எந்த போர்ட் அளவுக்குச் செய்தது என்று கேளுங்கள். பதில் வராது. போர்ட் ஒரு ஆர்பிஎம்மையும், பைப் இன்னொன்றையும், கார்பரேட்டர் மூன்றாவதையும் பார்த்து நின்றால் எதையும் மாற்றாத ஸ்டாக் வண்டி உங்களைத் தாண்டிப் போகும். உள்ளே இருக்கும் குழாயை உருவிப் போட்டுவிட்டு ஓட்டுவதும் இந்த வகைதான்: சத்தம் ஏறும், அந்தச் சத்தத்தில் வேகமும் ஏறியதாகக் காது நம்பிவிடும்.

ஆகவே நீங்கள் கேட்ட பட்டியலைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். முதல் வேலை ஹெட்டில், அதாவது சிலிண்டரின் மூடியில். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஹெட்டின் ஓரப் பட்டைக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இருக்கும் சந்துக்கு ஸ்குவிஷ் என்று பெயர். அந்தச் சந்து சிறியதாக இருந்தால் ஓரத்தில் உள்ள கலவை நடுவை நோக்கிப் பீய்ச்சப்பட்டு வேகமாக, ஒரே சீராக எரியும். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யும்போது அந்த இடைவெளியைப் பெரிதாகவே விட்டு வைப்பார்கள். அதைச் சரியாக்குவது கீழ், நடு, மேல் என எல்லா ஆர்பிஎம்மிலும் பலன் தரும். இப்படிப்பட்ட வேலைகள் டூ ஸ்ட்ரோக்கில் கொஞ்சம்தான்.

எலக்ட்ரானிக்ஸ் கடையில் 2 மி.மீ சால்டர் ஈயக் கம்பி வாங்குங்கள். ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனை ராடோடு கோக்கும் பின் (pin) ஓடும் திசையிலேயே, இரண்டு ஓரத்திலும் சுவரைத் தொடும்படி ஒவ்வொரு துண்டை கிரீஸ் வைத்து ஒட்டுங்கள். வேறு திசையில் வைத்தால் பிஸ்டன் சாய்ந்துகொடுத்துப் பொய் அளவு காட்டும். பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை முழு இறுக்கத்தில் பூட்டி, கிராங்கை ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினால் கம்பியின் முனை நசுங்கியிருக்கும். அந்த முனையின் கனம்தான் உங்கள் ஸ்குவிஷ். 1.5 மி.மீ, அதற்கு மேலும் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஹெட்டை லேத்தில் சீவி 0.9 அல்லது 1 மி.மீ-க்குக் கொண்டுவாருங்கள். 0.8-க்குக் கீழே போகாதீர்கள், அதிக ஆர்பிஎம்மில் ராடும் பேரிங்கும் கொடுக்கும் சிறு நீட்சியில் பிஸ்டன் ஹெட்டை முட்டும். பிளாக்கின் அடியைச் சீவி இதைச் செய்யச் சொல்பவர்களும் உண்டு. அப்படிச் சீவினால் எல்லா போர்ட்டும் சேர்ந்து கீழே இறங்கும், டைமிங் மாறிப்போகும். ஹெட்டிலேயே செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 50 மி.மீ போரில் அரை மி.மீ சீவினால் எரியறை ஏறக்குறைய 1 சிசி சுருங்கும். முதலில் 9 சிசி இருந்தது 8 ஆனால், முழு ஸ்ட்ரோக் கணக்கில் கம்ப்ரஷன் 11.9-இலிருந்து 13.3-க்கு ஏறிவிடும். சாதாரண பங்க் பெட்ரோலுக்கு இது அதிகம். எனவே இடைவெளியைச் சுருக்கிய பிறகு நடுக் குழியை லேத்தில் கொஞ்சம் அகலப்படுத்தி, கொள்ளளவைப் பழைய அளவுக்குக் கிட்டே கொண்டுவர வேண்டும். ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, துளையிட்ட கண்ணாடித் தகடால் மூடி, சிரிஞ்சில் ஆயில் விட்டு அளந்தால் தெரிந்துவிடும். சாலையில் மேட்டில் இழுக்கும்போது "கிளிங் கிளிங்" என்று சில்லறை குலுங்குகிற மாதிரி சத்தம் வந்தால் கம்ப்ரஷன் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். ஆக்டேன் கூடிய பிரீமியம் பெட்ரோல் அதைத் தள்ளிப்போடும், தீர்க்காது.

ரீட் வால்வைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இதழ் உட்காரும் இடத்தில் வெளிச்சம் தெரிந்தாலோ ஓரம் சிதைந்திருந்தாலோ மாற்றுங்கள். இதழுக்கு மேல் வேறெந்த மாயமும் அங்கே இல்லை.

24 மி.மீ கார்பரேட்டர் பற்றி: உங்கள் வண்டியில் வந்தது 20 மி.மீ மிக்குனி. 24 என்றால் வாயின் பரப்பு 44 சதவீதம் பெரிது. வாய் பெரிதானால் கீழ் ஆர்பிஎம்மில் காற்றின் வேகம் விழும், வேகம் விழுந்தால் ஜெட்டிலிருந்து பெட்ரோலை இழுக்கும் சக்தி விழும், திராட்டில் திறந்ததும் வண்டி திணறும். 22 வேண்டுமானால் போடலாம். போர்ட்டுகளைத் தொடாத எஞ்சினுக்கு 20 போதும், அதில் ஜெட் சரியாகப் போட்டிருந்தால்.

ஜெட் இப்போது பழைய விஷயமில்லை, பெட்ரோலே மாறிவிட்டது. பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். கலவைக்குக் கணக்கிட்டால் 13.5 பக்கம் வரும். அதாவது 1994-இல் போட்ட அதே ஜெட்டில் உங்கள் எஞ்சின் இப்போது ஏழெட்டு சதவீதம் லீனாக ஓடுகிறது. ஃபோர் ஸ்ட்ரோக் இதைப் பொறுத்துக்கொள்ளும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் பிஸ்டனுக்குக் குளிர்ச்சியும் வருகிறது. ஆகவே மெயின் ஜெட்டை ஒன்றிரண்டு படி பெரிதாகப் போட்டுத் தொடங்குங்கள். பழைய ரப்பர் ஹோஸ், ஃப்ளோட் அறை கேஸ்கெட், டேப் வாஷர் எல்லாம் எத்தனாலில் ஊறிக் குழைந்துவிடும், மாற்றுங்கள். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தினால் ஃப்ளோட் அறையைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

பிளக் பார்க்கும் முறை: புதுப் பிளக் போட்டு, காலியான நேரான சாலையில் மூன்றாம் கியரில் முழு திராட்டில் ஓட்டி, அந்த வேகத்திலேயே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, ஓரம் கட்டிக் கழற்றுங்கள். மேலே தெரியும் நிறத்தை நம்ப வேண்டாம், பீங்கானின் அடியில், இரும்போடு சேரும் இடத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். அங்கே பழுப்பு வளையம் இருந்தால் சரி. அடிவரை வெள்ளையாக, சுத்தமாக இருந்தால் லீன், உடனே பெரிய ஜெட். சோதனையை மத்தியான வெயிலில் செய்துவிட்டு மார்கழி விடியலில் விரட்டாதீர்கள். 35 டிகிரிக்கும் 20 டிகிரிக்கும் காற்றின் அடர்த்தி ஐந்து சதவீதம் மாறும், லீன் பக்கமாக. ஊட்டிக்கு ஏறினால் நேர் எதிர், ரிச் ஆகித் திணறும். அது தொல்லைதான், ஆனால் எஞ்சினுக்கு ஆபத்து இல்லை. எப்போதும் ஒரு படி ரிச்சாகவே நில்லுங்கள்.

குளிர்ந்த வகைப் பிளக் (சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்துவது) வாங்கும்போது ஒரு குழப்பம் உண்டு. என்ஜிகே-யில் எண் ஏற ஏறக் குளிர்ச்சி, போஷில் எண் இறங்க இறங்கக் குளிர்ச்சி. கடைக்காரர் "ஒண்ணு கூடப் போடுங்க" என்றால் எந்தக் கம்பெனி என்று பாருங்கள்.

டூ ஸ்ட்ரோக் ஆயிலில் ஜாஸோ எஃப்டி (ஜப்பானியத் தரக் குறியீடு) தரம் கேட்டு வாங்குங்கள். டியூன் செய்த எஞ்சினுக்குக் கலவையாக ஊற்றினால் லிட்டருக்கு 40 மில்லி. பயந்துபோய் 60, 70 ஊற்றுகிறவர்கள் உண்டு. ஜெட் வழியே போகும் திரவத்தில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறையும், காப்பாற்றப் போய் லீன் ஆக்கிவிடுவீர்கள்.

இதெல்லாம் முடிந்தும் கை அரித்தால் போர்ட்டைத் தொடலாம். இன்னொரு பழைய பிளாக் வாங்கி அதில் செய்யுங்கள், வண்டியோடு வந்ததைத் தொடாமல் எண்ணெய் தடவி எடுத்து வையுங்கள். வெட்டிய இரும்பு திரும்ப வராது. முதலில் கிராங்கில் டிகிரி வீல் (கோணம் அளக்கும் தட்டு) மாட்டி இப்போது எத்தனை டிகிரி என்று எழுதிக்கொள்ளுங்கள். எழுதாமல் கிரைண்டரை எடுக்கும் ஆளிடம் கொடுக்காதீர்கள். வார்ப்பில் துருத்திக்கொண்டிருக்கும் பிசிறுகளையும், பிளாக்கும் கேஸும் சேரும் இடத்தில் டிரான்ஸ்ஃபர் வழியில் இருக்கும் படியையும், கேஸ்கெட் உள்ளே நீட்டிக்கொண்டிருப்பதையும் சமப்படுத்துங்கள். இதிலேயே பாதிப் பலன் இருக்கிறது, டைமிங்கும் மாறாது. எக்ஸாஸ்ட் உயரத்தை 1 மி.மீ-க்குள் நிறுத்துங்கள். அகலப்படுத்துவதென்றால் போரின் 62, 63 சதவீதம், அதாவது 31 மி.மீ வரை, அதற்கு மேல் போனால் ரிங் வெளியே பிதுங்கிப் போர்ட்டில் மாட்டி உடையும். கண்ணாடி மாதிரி பளபளப்பு வேண்டியதில்லை, எக்ஸாஸ்டில் மட்டும் கார்பன் ஒட்டாமல் இருக்க மெருகு போடலாம். எல்லாம் சரியாக அமைந்தால் 13 குதிரைத்திறன், நல்ல பைப்போடு 14 எதிர்பார்க்கலாம். அதற்கு மேல் சொல்கிறவரிடம் டைனோவில் சக்தியை அளந்த தாளைக் கேளுங்கள்.

பணம் மிச்சம் இருந்தால் பிரேக்குக்குப் போடுங்கள். முன்னும் பின்னும் டிரம்தான், புது ஷூ, சுத்தமாகக் கடைந்த டிரம், புது கேபிள். பிக்கப் மட்டும் போதும் என்றால் முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைப்பது, பின்னால் ஏறக்குறைய மூன்று பல் கூட்டியதற்குச் சமம். செலவு சொற்பம், பிடிக்காவிட்டால் ஒரு மணி நேரத்தில் பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் கொடுத்த, ஆர்சி-யில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். உங்கள் வண்டி 15 வருடம் தாண்டியது, ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை ஆர்டிஓ-வில் நிறுத்தியாக வேண்டும். அன்றைக்கு ஸ்டாக் சைலன்சரைத் தேடி அலையாதீர்கள். ஸ்குவிஷும் ஜெட்டும் ஆரோக்கியமான கிராங்கும் யார் கண்ணையும் உறுத்தாது. பைப்பும் உயர்ந்த போர்ட்டும் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கோ, கோவை செட்டிப்பாளையம் டிராக்குக்கோ எடுத்துப்போகிற வண்டிக்கு.

கடைசியாக, எஞ்சின் கட்டிய பிறகு. முதல் தடவை ஸ்டார்ட் செய்து கை சுடும் அளவுக்குச் சூடானதும் அணைத்து, முழுதாக ஆற விடுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்த பிறகு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஹெட் நட்டுகளைக் குறுக்காக, டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். முதல் 300 கிலோமீட்டர் பாதி திராட்டில், ஒரே வேகத்தில் நீளமாகப் பிடிக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். அதன் பிறகு பிளாக்கைத் தூக்கிப் பிஸ்டனைப் பாருங்கள். நாலு மூலையிலும் கீறல் கோடுகள் இருந்தால் போர் இறுக்கம், ஹோனிங்குக்குத் திருப்பி அனுப்புங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கீறல் என்றால் லீன், அல்லது ஆயில் போதவில்லை. கீறலே இல்லாமல் ரிங் சுற்றிலும் ஒரே மாதிரி மின்னினால் கேஸ்கெட்டை மாற்றி மூடிவிட்டு, மெயின் ஜெட்டை இன்னும் குறைக்காமல் அடுத்த 200-ஐ ஓட்டுங்கள்.